எத்தனை கிலோ என்பதா பெருமை?

பிள்ளை ஜிம்முக்குப் போகிறான் என்றால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால், 'இன்னிக்கு எத்தனை கிலோ தூக்கினே?' என்று மட்டுமே கேட்கிறோமே... அங்கேதான் வினை ஆரம்பம்!

உடம்பிலேயே அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு, தோள்தான். அதில் பந்து பெரிசு. அது உட்காரும் கிண்ணமோ ஆழமில்லாதது. பந்தை இடம் பிசகாமல் பிடித்து வைத்திருப்பவை 4 சின்னத் தசைகள். கண்ணாடியில் பளிச்சென்று தெரிவதில்லையே... அதனால் இவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. மார்பையும் புஜத்தையும் மட்டுமே வளர்க்கிறார்கள். பளு ஏற ஏற, தோளின் தசைநார்தான் அடி வாங்குகிறது.

மார்புக்காகத் தள்ளுகிற அளவுக்கு, முதுகுக்காக இழுக்கிற பயிற்சியும் கட்டாயம் வேண்டும். முதல் 10 நிமிடம் கைகளைச் சுழற்றி, லேசான எடையில் தொடங்கணும். படுத்தபடி பளு தள்ளும்போது முழங்கைகளை அகல விரிக்காமல், உடம்போடு சற்று அணைத்து வைக்கணும். கழுத்துக்குப் பின்னால் கம்பியை இறக்கும் பயிற்சியே வேண்டாம். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டணும்.

கையை உயர்த்தும்போது சுருக்கென்கிறதா? ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லையா? 'பழகினா சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தசைநார் கிழிந்துவிட்டால், தலை வாரவும் சட்டை மாட்டவும்கூட மாதக்கணக்கில் திண்டாட நேரிடலாம்.

10 கிலோ குறைவாகத் தூக்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது!