பத்தொன்பது சதவீத முதுகெலும்பு

ஒரு மனிதனுடைய முதுகெலும்பு எத்தனை சதவீதம் கெட்டிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? முடியும் என்கிறது ராணுவ இலாகா. இருபது என்று எழுதினால் ஆயுள் முழுவதும் மாதந்தோறும் பணம். பத்தொன்பது என்று எழுதினால் வெறுங்கை. இடையில் இருப்பது ஒரே ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்தில்தான் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் அரிசியும் பள்ளிக்கூடச் சம்பளமும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

நம் வாசகர்களில் பட்டாளத்துக் குடும்பங்கள் கொஞ்சமல்ல. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கும் ஆள் போயிருக்கிறது. பதினெட்டு வயதில் போனவன் நாற்பதில் வெளியே வருகிறான். ஊரில் நிலமில்லை. பம்பாயிலும் பூனாவிலும் பெங்களூரிலும் ஏதாவது ஒரு கட்டடத்து வாசலில் காக்கிச் சட்டைக்குப் பதில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு செக்யூரிட்டி வேலைக்கு நிற்கிறான். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டிய வேலை. நிற்க முடியாமல் போனால் அந்த வேலையும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் அப்படி ஒரு ஹவில்தார் அண்ணன் இருக்கிறார். பாலம் கட்டும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். பெய்லி பாலத்தின் பலகம் ஒன்று ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் தூக்குவது. தலைக்கு 43 கிலோ என்று கணக்கு வரும். சேற்றில் ஒருவன் வழுக்கினால் மற்ற ஐந்து பேர் முதுகில் அந்தக் கணக்கு மாறிவிடும். அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இடது கால் குதிகால்வரை மரத்துப்போகிறது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை; யாராவது சொன்னால்தான் திரும்பிப் பார்க்கிறார்.

படையிலிருந்து விடுவிப்பதற்கு முன் மெடிக்கல் போர்டு உட்கார்ந்தது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். குனியச் சொன்னார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்கள். கால் மணி நேரத்தில் முடிந்தது. தாளில் இரண்டு வரி: நோய் சமாதான ஸ்தலத்தில் தொடங்கியது, ஆகையால் ராணுவ சேவையால் உண்டானதும் அல்ல, அதனால் மோசமானதும் அல்ல, ஊனம் 15 முதல் 19 சதவீதம்.

இந்த இரண்டு வரியும் இரண்டு பூட்டு. முதல் பூட்டைத் திறந்தாலும் இரண்டாவது பூட்டு திறக்காது. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் பூட்டு, 'சேவையால் வந்ததா' என்ற கேள்வி. படையில் சேரும்போது தலைமுதல் கால்வரை சோதித்து, 'ஷேப்-1' என்று முத்திரை குத்தித்தான் எடுக்கிறார்கள். அந்த ஐந்து எழுத்தில் 'ஏ' என்பது கைகால் மூட்டுகளுக்கானது. முதல் தரம் என்று வாங்கிய சரக்கு இருபது வருஷத்தில் உடைந்தால், உடைத்தவன் யார் என்று சரக்கே சாட்சி கொண்டுவர வேண்டுமாம்! 2013-ல் சுப்ரீம் கோர்ட் தரம்வீர் சிங் வழக்கில் இந்த நியாயத்தைத் தலைகீழாக நிறுத்தியது. அந்தச் சிப்பாய்க்கு இருந்தது வலிப்பு நோய். சேரும்போது நோய் என்று எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் சேவையில்தான் வந்தது என்று கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காருடையது. வெறுமனே 'இல்லை' என்று எழுதினால் போதாது, காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கில் அதையே உறுதிப்படுத்தினார்கள். 2025 ஏப்ரலில், சியாச்சினில் பணியாற்றிய பிஜேந்தர் சிங் வழக்கிலும் அதே நியாயம்தான். அவர் படையை விட்டு வெளியே வந்தது 1989-ல். முப்பத்தாறு வருஷம்!

தீர்ப்புக்கு மேல் தீர்ப்பு வந்தும் போர்டுகள் பழைய வரியைக் கைவிட்டபாடில்லை. ஏன்? சிப்பாய்களில் பெரும்பாலோர் கோர்ட்டுக்கு வரமாட்டார்கள் என்பது தெரியும். வருகிறவனுக்குத் தோற்றுக் கொடுத்தாலும் வராதவர்களால் மிச்சம். இது வைத்தியமல்ல, கணக்குப்பிள்ளைத்தனம்.

சமாதான ஸ்தலமாம், சமாதான ஸ்தலம்! மூட்டுத் தேய்வு துப்பாக்கிக் குண்டு மாதிரி தேதி போட்டு வருகிற விஷயமா? மலை உச்சியில் பத்து வருஷம் சுமந்தவனுக்கு வலி பெங்களூர் லயனில் வந்த பிறகு தெரியலாம். பஞ்சு மூட்டையில் பொறி விழுந்த இடம் வேறு, புகை தெரிந்த இடம் வேறு.

இரண்டாவது பூட்டு சதவீதம். இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது. கணக்கைப் பாருங்கள். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30. சம்பளக் கணக்கு 40,000 ரூபாய் என்று வையுங்கள்: 12,000. இருபது சதவீதம் என்றால் 2,400. ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 என்றும், 50-லிருந்து 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் கூட்டிக் கொடுக்கும் முறை 1996 ஜனவரியிலிருந்து கணக்கில் வந்தது. உடல் கெட்டு இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அது என்று 2001 உத்தரவில் சர்க்கார் அடம்பிடித்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆக, இருபது எழுதினால் 50 ஆகி மாதம் 6,000 ரூபாய். பத்தொன்பது எழுதினால் பூஜ்யம். காலம் முடித்து வந்தவனுக்கு 20-க்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை என்று 2019 டிசம்பரில் ரத்தோர் வழக்கில் அதே கோர்ட்டும் சொல்லிவிட்டது. இந்தக் கதவு கோர்ட்டில் திறக்கவில்லை. பேனா பிடிக்கும் டாக்டர் கையில்தான் சாவி.

அந்தச் சாவி எதை அளக்கிறது? மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று கோணமானியில் பார்க்கிறார்கள். மடக்கும்போது உயிர் போகிற வலி கோணமானியில் தெரியாது. ஓய்வெடுத்துக் காலையில் வந்தவனுடைய முழங்கால், எட்டு மணி நேரம் நின்றவனுடைய முழங்கால் அல்ல. நரம்பு இன்னும் மோசம். எலும்பாவது எக்ஸ்ரேயில் தெரியும், நரம்பு தெரியாது. மரத்துப்போகிறது, எரிகிறது, ஊசி குத்துகிறது என்று சொன்னால் 'சொல்கிறான்' என்றுதான் எழுதுவார்கள்.

அமெரிக்காவை நமக்கு உதாரணம் காட்டப் பிடிக்காது. வியத்நாமுக்குப் பையன்களை அனுப்பிச் சாகடித்த அரசு அது. ஆனாலும் அவர்கள் சட்டத்தைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. அசைக்கும்போது வலிக்கும் மூட்டு என்றால் முழுதாக மடங்கினாலும் அந்த மூட்டுக்குரிய குறைந்தபட்ச விகிதம் கொடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. வலி முற்றும் நாட்களில் எவ்வளவு அசைகிறது என்பதையும் கணக்கில் எடு என்று 1995-ல் ஒரு நீதிமன்றம் சொன்னது. வலி மட்டுமே ஊனமாகலாம் என்று 2018-ல் இன்னொன்று சொன்னது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்புக்கென்றே 10, 20, 40, 60, 80 என்று படி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் குளறுபடி உண்டு. உணர்ச்சி மட்டும் போன நரம்பை மத்திய நிலைக்கு மேல் மதிக்கமாட்டார்கள். இருந்தாலும் பத்து சதவீதத்துக்கும் அங்கே பணம் உண்டு.

பொய் சொல்லிப் பென்ஷன் வாங்குகிறார்கள் என்பது எதிர்ப்பக்கத்து வாதம். ஒருசிலர் வாங்கவும் செய்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் யார்? 2015-16 முதல் 2019-20 வரையிலான காலத்தைப் பார்த்த தலைமைத் தணிக்கை அறிக்கை சொல்கிறது: ஓய்வு பெறும் அதிகாரிகளில் நூற்றுக்கு 40 பேர் அளவில் ஊனப் பென்ஷனோடு போகிறார்கள், சிப்பாய்களில் 20 பேர்கூட இல்லை. சுமை தூக்கியவன் உடம்பு இரும்பு, தூக்கச் சொன்னவன் உடம்பு களிமண் என்று நம்பச் சொல்கிறார்களா? எந்த வார்த்தையை எந்த டாக்டரிடம் எப்போது பதிய வைக்க வேண்டும் என்று ஒரு வர்க்கத்துக்குத் தெரிகிறது, இன்னொரு வர்க்கத்துக்குத் தெரியவில்லை. நம் பையன் வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு பரேடுக்கு ஓடுகிறான், 'சோம்பேறி' என்று பேர் வந்துவிடுமே என்று.

2023 செப்டம்பருக்குப் பிறகு விடுபடுகிறவர்களுக்குப் புதிய விதிகள். காலம் முடித்து வருகிறவனுக்குக் கொடுப்பதற்கு 'நிவாரணம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெள்ளத்துக்குக் கொடுப்பது நிவாரணம். உழைத்த உடம்புக்குக் கொடுப்பது உரிமை. 2022-லிருந்து அக்னிவீரர்களாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. நான்கு வருஷம், மாதப் பென்ஷன் இல்லை. சேவையால் ஊனமென்று ஒப்புக்கொண்டால் 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று மூன்று படியில் ஒரே தடவைப் பணம். இருபத்திரண்டு வயதில் முழங்கால் சவ்வு கிழிந்து வருகிறவன் மிச்சம் நாற்பது வருஷம் என்ன வேலைக்குப் போவான்?

பட்டாளத்துக்குச் சம்பந்தமில்லாத தோழர்கள் இதை அடுத்த வீட்டுச் சண்டை என்று நினைக்க வேண்டாம். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 என்று விலைப்பட்டியல் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகுக்கு அந்தப் பட்டியலில் வரியே இருந்ததில்லை. வெட்டுப்பட்டது கண்ணில் படும், தேய்ந்தது படாது. சிப்பாய்க்கும் கூலிக்காரனுக்கும் கணக்கு எழுதுகிறவன் ஒரே ஜாதி.

ஹவில்தார் அண்ணன் மாதிரி இருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழுப் பிரதியை, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதி வாங்குங்கள். படுக்கையில் கிடந்த நாட்கள், எந்த ஸ்தலத்தில் எத்தனை மாதம், எந்த வேலை என்பதையெல்லாம் தேதி வாரியாக எழுதுங்கள். போர்டு பார்த்து எழுதிய சதவீதத்தை, ஆளையே பார்க்காத பென்ஷன் ஆபீஸ் குறைத்திருந்தால் அது செல்லாது. 1993-ல் சாப்பர் மொஹிந்தர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. போர்டே குறைத்து எழுதியிருந்தால், அப்பீலில் மறு போர்டு கேளுங்கள். நரம்புக்கு மின் பரிசோதனை செய்த தாளை இணையுங்கள். அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலும் மும்பையிலும் கிளை இருக்கிறது. பல வருஷம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பென்ஷன் மாதாமாதம் நேரும் தவறு என்பதால் வழக்குப் போடலாம். ஆனால் நிலுவை சாதாரணமாக மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும் என்று 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் முடிவானது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் நஷ்டம்.

அண்ணனுடைய காகிதங்கள் ஒரு அரிசிப் பையில் இருந்தன. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, பத்து வருஷத்து மருந்துச் சீட்டு. நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினோம். 1999-லிருந்தே முதுகு வலி என்று எட்டு இடத்தில் பதிவாகியிருக்கிறது. போர்டு எழுதிய தாளில் அந்த எட்டில் ஒன்றுகூட இல்லை.