மூழ்கிய வண்டியை என் தலையில் கட்டிவிட்டீர்களே!

தெரிந்தேதானே விற்றீர்கள்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழைய வண்டி வாங்குகிறவன் டயருக்கும் பிரேக்குக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் வருகிறான். ஆனால் வெள்ளத்தில் மூழ்கி, இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டியை, “சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி, ஒரு கீறல் கிடையாது” என்று சொல்லி முப்பது லட்சத்துக்கு மேல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டீர்களே, உங்களுக்கு மனசு எப்படி வந்தது?

நான் பார்க்காமல் வாங்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இன்ஜின் பார்த்தோம், லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்த்தோம், பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரும் மாட்டினோம். ஒரு எரர்கூட வரவில்லை. “பாத்தீங்களா சார், எவ்வளவு சுத்தமா இருக்கு!” என்றீர்கள். அந்தச் சுத்தம் எப்படி வந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது. நான் வருவதற்கு முன்பே எல்லா எரரையும் அழித்து வைத்திருந்தீர்கள். ஆனால் அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். பின்னால் எலக்ட்ரீஷியன் அந்த எண்ணை எடுத்துக் காட்டினார். நான் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த நாளிலிருந்து ஓடிய தூரமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: எரர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள், அந்தக் கிலோமீட்டரையும் கேளுங்கள். ஐம்பதாயிரம் ஓடிய வண்டியில் அது பத்து, இருபது என்று காட்டினால் காரணம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மழை கொட்டிய ஒரு ராத்திரி, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் டாஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தது. வைப்பர் நின்றது. கியர் ஒன்றிலேயே மாட்டிக்கொண்டது. பிறகு ஹெட்லைட்டும் போனது. பின்சீட்டில் அம்மா. பின்னால் லாரி ஹாரன். எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

எலக்ட்ரீஷியன் டிரைவர் சீட்டைக் கழற்றிவிட்டு, “தம்பி, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். மேலே போட்டிருந்த கார்பெட் புதுசு. அதற்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சை அழுத்தினார், தண்ணீர் கசிந்தது. ஒயரிங்கில் ஒரு கப்ளரைப் பிரித்தார். செம்பாக இருக்க வேண்டிய பின்களில் பச்சைப் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. கப்ளரின் இடுக்குகளில் காய்ந்த வண்டல். பின்சீட்டின் நடு பெல்ட்டை, வழக்கமாக யாரும் இழுக்காத கடைசி முனை வரை இழுத்துக் காட்டினார். அங்கே பழுப்பு நிறத்தில் தண்ணீர் நின்ற கோடு. முன்சீட்டு பெல்ட்டுகளை மாற்றிய நீங்கள் அதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

இந்த மாதிரி வண்டிகளில் டஜன் கணக்கில் கன்ட்ரோல் மாட்யூல்கள் இருக்கின்றன. சிலது சீட்டுக்குக் கீழே, சிலது டிக்கித் தரைக்கு அடியில். தண்ணீர் முதலில் நிற்பதும் அங்கேதான். முறுக்கிய இரண்டு ஒயர்களில் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு கப்ளரில் துரு ஏறினாலும் பேச்சு குழம்பிவிடும்: இன்று கதவு பூட்டாது, நாளை கியர் மாறாது. துரு ஒரே நாளில் வேலையைக் காட்டாது, மாதக்கணக்கில் தின்னும். அதற்குள் விற்றுவிடலாம் என்பதுதானே உங்கள் கணக்கு?

எல்லாவற்றையும்கூட ஆற்றிக்கொள்வேன், அந்த ரெசிஸ்டரை என்னால் மன்னிக்க முடியாது. முன்சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போகும் ஒயர் அறுந்து கிடந்தது. ஏர்பேக் விளக்கு எரியாமல் இருக்க, கப்ளரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகி வைத்திருந்தீர்கள். ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பும். நானும் நம்பினேன். அந்த சீட்டில் என் மனைவி உட்கார்ந்து வந்தாள், ஐயா! சில ரூபாய் பெறாத ஒரு துண்டை வைத்து அவள் உயிரை ஏலம் விட்டிருக்கிறீர்கள்.

சர்வீஸ் சென்டரில் பழைய பதிவை எடுத்தேன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்ததை ஊரே பார்த்ததே, அந்த மாதம் இந்த வண்டி கட்டி இழுத்து வரப்பட்டிருக்கிறது. எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். பழுது பார்க்கவில்லை. வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டிச் செலவு வந்தால் ‘டோட்டல் லாஸ்’. பிறகு ஏலம். பிறகு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல், பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 மட்டும் கையெழுத்தோடு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் ‘சிங்கிள் ஓனர்’. இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியும், ஏலம் எடுத்தவருக்குத் தெரியும், ஒயரிங் ஒட்டுப்போட்டவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். பணம் கொடுத்தவனுக்கு மட்டும் தெரியக்கூடாதா?

அரசாங்கத்தையும் கேட்கிறேன். ஓட்ட லாயக்கில்லாமல் போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55 சொல்கிறது. யார் தெரிவிக்கிறார்கள்? அமெரிக்காவில் மூழ்கிய வண்டி என்றால் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்துகிறார்கள். என் ஆர்.சி.யில் நிறம்கூட எழுதியிருக்கிறது, மூழ்கியது மட்டும் இல்லை. பழைய வண்டி விற்பவர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. உங்களிடம் அது இருக்கிறதா என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறீர்கள்.

‘இருக்கிற நிலையில் வாங்கிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டீங்களே’ என்கிறீர்கள். எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு வாங்கிய கையெழுத்து அது. தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பது மோசடி என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே 17-ஆவது பிரிவில் சொல்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதைச் சொல்லத்தான் போகிறேன். அந்த ரெசிஸ்டர், கப்ளர், பெல்ட் எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது.

நேற்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினீர்கள், பத்து லட்சத்துக்கு நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வதாக. எடுத்துப் போய் மறுபடி எரரை அழித்து, பாலிஷ் போட்டு, இன்னொரு குடும்பத்துக்கு விற்பீர்கள். தர மாட்டேன். முழுப் பணத்தையும் கொண்டு வாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதன் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்.