வள்ளியாக வந்த ராஜலட்சுமி

வெரைட்டி ஹால் ரோட்டில் போகும்போதெல்லாம் எனக்கு எங்கள் அம்மாயி ஞாபகம் வந்துவிடும். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோயமுத்தூர் வந்து ‘வள்ளி திருமணம்’ படம் பார்த்த கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வள்ளி கும்மி அடிக்கிற சீமைக்கு அந்தக் கதை புதிதில்லை. “அந்தப் புள்ள பாடறதக் கேக்கோணும் கண்ணு, என்ன தொண்டைங்கறே!” என்பார்.

அந்தப் புள்ள டி.பி. ராஜலட்சுமி. 1911இல் திருவையாற்றில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள், அது நிலைக்கவில்லை. அப்பாவும் போனபின், அம்மாவோடு திருச்சிக்கு வந்து நாடகத்தில் சேர்ந்தார். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடினால்தான் சோறு.

அப்படிப் பழகிய குரலை வைத்துக்கொண்டு அவர் நடிக்கப் போனது ஊமைப் படத்தில். 1929இல் ‘கோவலன்’, பிறகு ‘உஷா சுந்தரி’, ‘ராஜேஸ்வரி’. திரையில் வாய் அசையும், சத்தம் வராது; பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். குரலையே நம்பி வளர்ந்த பெண், கண்ணாலும் கையாலும் மட்டும் பேசி ஜனங்களை உட்கார வைத்ததை அவருடைய பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன். அதைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். தப்பித்த சுருள்களையும் வெள்ளிக்காகக் கரைத்து விற்றார்கள். தென்னிந்திய மவுனப் படங்களில் முழுதாகக் கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான்.

1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வந்தது. முதல் தமிழ்ப் பேசும் படம், கதாநாயகி ராஜலட்சுமி. நம் ஊருக்கும் அவருக்கும் முடிச்சு விழுந்தது 1933இல். ரயில்வே வேலையை விட்டு, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் மெஷினை வாங்கி ஊர் ஊராகச் சுற்றி, 1914இல் இங்கே வெரைட்டி ஹால் என்ற சினிமாக் கொட்டகையைக் கட்டினாரே சாமிக்கண்ணு வின்சென்ட், அவர்தான் கல்கத்தாவில் ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். ராஜலட்சுமி வள்ளி. படம் சக்கைப்போடு போட்டது.

1936இல் தாம் எழுதிய நாவலையே ‘மிஸ் கமலா’ என்று தாமே தயாரித்து இயக்கினார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவர். 1964இல் காலமானார். வின்சென்ட் பேரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம் ராஜலட்சுமியை மறந்தது நியாயமே இல்லை.

அம்மாயியின் தகரப் பெட்டியில் அந்தக் காலத்துச் சினிமா பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை போய், ஓரம் பழுப்பேறி, நடுவில் மஞ்சள் கறையோடு. வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டோம். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உங்கள் வீட்டு அட்டாலியில் அப்படி ஒரு பாட்டுப் புத்தகமோ சினிமா நோட்டீசோ கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். வேண்டுமா என்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள்.