எண் கேட்கிறார்கள், மண்ணைக் கேட்கவில்லை!

வானம் பார்த்த பூமியிலே உழவன் வியர்வை சிந்தி விளைவித்த இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ந்தோம்!

ஆனால், இணையக் கடையிலே விற்கப் போனால் கேட்பதென்ன? 13 இலக்கப் பட்டைக்குறி எண்! அரைக் கிலோ பொட்டலத்திற்கு ஓர் எண். ஒரு கிலோவிற்கு வேறோர் எண். 890 என்று தொடங்கினால், இந்திய ஜி.எஸ்.1 நிறுவனம் தந்த எண் என்பதே பொருள். எங்கே விளைந்தது? எண் சொல்லாது!

அந்த எண்ணுக்குக் கட்டணமும் உண்டு. கட்ட முடிந்த வணிகன் பெயரிலே மிளகாய் விலைபோகும். விளைவித்தவன் பெயர் மறையும்.

எண்ணே வேண்டாம் என்கிறோமா? இல்லை! எண்ணோடு புவிசார் குறியீட்டுப் பதிவையும் கேள் என்கிறோம். எண் இல்லாச் சிறு விற்பனையாளருக்கு விலக்களிக்கும் தளங்களும் உண்டு, விண்ணப்பிப்போம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாய் ஒன்றுகூடி, நம் பெயரிலேயே எண் பெறுவோம். விளைவித்த கை விலாசமற்றுப் போகலாமா?