பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் பார்க்க வேண்டிய பள்ளி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர், பொதுவாக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15-க்குள் கல்வி அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். அடுத்த ஆகஸ்ட் முதல் தேதிக்குள் பிள்ளையின் முன்னேற்றத்துக்குச் சான்று காட்ட வேண்டும். நடுவில் எங்கே உட்கார்ந்து படிப்பது என்பது அவர்கள் பாடு. பள்ளி மணி அடிக்கும் வேளையில் ‘கொலோனியல் வில்லியம்ஸ்பர்க்’ என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தின் தெருக்களில் ஒரு குடும்பம் ஆற அமர நடக்க முடிவது அதனால்தான்.

1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த ஊர் இது. பாதிரியார் குட்வினின் முயற்சியாலும் ராக்ஃபெல்லர் ஜூனியரின் பணத்தாலும் 1926 முதல் பழைய தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. இங்கே பொருட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குவதில்லை. கொல்லர் உலையில் இரும்பு பழுக்கிறது. அச்சகத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோக்கிறார்கள். அந்தக் கால உடையில் நிற்பவரிடம் பிள்ளை எதையும் கேட்கலாம். திருப்தி வரும்வரை கேட்கலாம். நாற்பது பேர் வரிசையில் நகரும் பள்ளிச் சுற்றுலாவில் இந்த நிதானத்துக்கு இடமில்லை.

ஆனால், பாடநூலிலிருந்து தப்பி வரும் குடும்பம் இன்னொரு பாடநூலுக்குள் நுழைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. விடுதலைப் போருக்கு முன்பு இவ்வூரில் பாதிப் பேருக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். இருந்தும், பல பத்தாண்டுகளுக்கு இங்கே முன்னால் நின்றவர்கள் தேசத் தலைவர்கள்தான். அடிமைகளின் வாழ்வைக் கறுப்பின நடிகர்கள் நடித்துக் காட்டத் தொடங்கியது 1979-இல். 1994-இல் அடிமை ஏலம் ஒன்று நடித்துக் காட்டப்பட்டபோது கறுப்பின உரிமை அமைப்புகளே எதிர்த்தன. வலி வேடிக்கையாகிவிடுமோ என்பது அவர்கள் அச்சம். அந்த ஏலக் காட்சியை முன்னின்று நடத்திய கிறிஸ்டி கோல்மேனும் கறுப்பினப் பெண்தான். மறைப்பதைவிடக் காட்டுவதே மேல் என்பது அவர் தரப்பு. என் வாக்கு கோல்மேனுக்கே.

இந்த வளாகத்துக்கு 2023-இல் ஒரு சிறிய மரக்கட்டடம் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. ‘பிரே பள்ளி’ 1760-இல் தொடங்கிய இடம் அது. லண்டன் அறக்கட்டளை ஒன்றின் பணத்தில் ஆன் வேகர் என்ற ஆசிரியை கறுப்பினக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். வேதமும் எஜமானுக்குக் கீழ்ப்படிதலும் சேர்ந்ததே அந்தப் பாடம். அங்கே படித்த ஐசக் பீ 1774-இல் தப்பி ஓடினார். தேடித் தரச் சொல்லி எஜமான் கொடுத்த விளம்பரம், அவருக்கு வாசிக்கத் தெரியும் என்றும் எச்சரித்தது.

வீட்டுக்கல்விப் பெற்றோர் அதிக நேரம் நிற்க வேண்டியது இந்தக் கட்டடத்தின் முன்புதான். யாருக்கு எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்தவர் யார், எதற்காக என்று பிள்ளையிடம் கேட்கலாம். அப்படியானால் எனக்கான பாடத்தை நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று பிள்ளை திருப்பிக் கேட்கக்கூடும். கேட்டால், டிக்கெட் காசு வீண்போகவில்லை.