தொந்தி கரைய ஊசி போதுமா?

பொழுது புலரும் வேளையில் சென்னை மெரினா கடற்கரைக்குச் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். நடுத்தர வயதினரும் முதியவர்களும் கையை வீசி விறுவிறுவென்று நடந்து கொண்டிருப்பார்கள். பலர் டாக்டர் சொன்னதற்காக நடப்பவர்கள். "வாரம் ஒரு ஊசி போட்டால் எடை தானாகக் குறைகிறதாமே! அப்புறம் எதற்கு இந்த நடை?" என்ற கேள்வி இப்போது இத்தகையவர்களிடையே எழுந்திருக்கிறது.

கேள்வி அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. 2025 மார்ச்சில் டிர்செபடைடு என்ற மருந்தும், அதே ஆண்டு ஜூனில் எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடு ஊசியும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. இவை பசியை அடக்குபவை. 2021-ல் வெளியான ஒரு பரிசோதனையில், செமாக்ளூடைடு போட்டுக் கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தங்கள் எடையில் சுமார் 15 சதவிகிதத்தை இழந்தார்கள். பருமனால் அவதிப்படுகிறவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை.

போனது திரும்பி வந்தது

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அந்தப் பரிசோதனையில் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி விட்டது! மேலும், எடை குறைந்தபோது கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல. தசையும் கூடவே கரைந்தது. தசை என்பது உடம்பின் உழைக்கும் மூலதனம். அதை இழந்து எடையைக் குறைப்பது, கடனை அடைக்க ஏர்மாட்டை விற்பது போன்றது.

டென்மார்க்கில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி இங்கே கவனிக்கத்தக்கது. இதே வகையைச் சேர்ந்த லிராக்ளூடைடு என்ற மருந்தைச் சிலருக்குத் தனியாகவும், சிலருக்குத் தேகப்பயிற்சியோடு சேர்த்தும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பின் விகிதம் ஏறக்குறைய இரு மடங்கு குறைந்தது. மருந்தை நிறுத்திய பிறகும், பயிற்சி செய்தவர்கள் பலனை அதிகமாகக் காப்பாற்றிக் கொண்டார்கள்.

இரண்டு டாக்டர்கள்

எடை இயந்திரம் காட்டும் எண்ணை மட்டும் நம்புவது நம்மவர்களுக்கு ஆபத்து. 2004-ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் படம் வெளியாயிற்று. ஒருவர் பூனாவைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர். தமது முக்கியமான பயிற்சி ஆஸ்பத்திரி லிப்டின் கதவு மூடுமுன் ஓடிப் பிடிப்பதுதான் என்று யாஜ்னிக் வேடிக்கையாகத் தெரிவித்திருந்தார். இந்த வித்தியாசத்துக்குப் பயிற்சி மட்டுமே காரணமல்ல. பிறப்பிலிருந்தே இந்திய உடலில் கொழுப்பின் பங்கு அதிகம். ஆகவே நமக்குத்தான் பயிற்சி கூடுதலாகத் தேவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது. பொதுவான பருமன் உள்ளவர்கள் 28.6 சதவிகிதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5 சதவிகிதம். நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்றும் அது மதிப்பிட்டது. எனவே தையற்காரரின் டேப்பே நமக்கு நல்ல அளவுகோல். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அது எச்சரிக்கை.

நடை என்ன செய்கிறது?

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 300 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பிலோ சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நடந்து முடித்த கையோடு இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகி விடும்! "ஒரு மாதம் நடந்தேன், எடை குறையவே இல்லை" என்று பலர் சலித்துக் கொள்வதன் ரகசியம் இதுதான்.

ஆனால் அந்த ஒரு மாதம் வீண் போகவில்லை. தினமும் நடப்பவருக்கு இருதயம் ஒரு துடிப்பில் முன்னைவிட அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிக்கும் அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. அதாவது, தாங்கும் சக்தி வளர வளர, கொழுப்பை எரிக்கும் சக்தியும் வளர்கிறது. நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 10 குறைந்தால், ஒரு நாளில் இருதயத்துக்கு 14,400 துடிப்பு மிச்சம். இந்தச் சக்தியை ஊசியால் உள்ளே செலுத்த முடியாது. உழைத்துத்தான் பெற வேண்டும்.

லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த டாக்டர் மாரிஸ் 1953-லேயே இதற்குச் சான்று தந்தார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸின் படிகளில் நாளெல்லாம் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

ஒழுங்கே மருந்து

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் கூறியது. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள்; அவ்வளவே. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாள் தண்டால், பஸ்கி போன்றவற்றைச் செய்தால் தசையும் காக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை பத்து மைல் நடந்து விட்டு மாதக் கணக்கில் படுத்துக் கிடப்பதில் பயனில்லை. பெற்ற சக்தி சில வாரங்களிலேயே குறையத் தொடங்கி விடும். இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கலந்து கொண்டு தொடங்குவது நல்லது.

பெண்கள் எங்கே நடப்பது?

2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவிகிதம். பெண்களில் 57 சதவிகிதம். இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. விடியற்காலையில் ஆண்கள் கடற்கரைக்குப் புறப்படும்போது பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். மாலையில் ஓய்வு கிடைத்தாலும், தெருவில் விளக்கும் நடைபாதையும் இருந்தால்தானே வெளியே இறங்க முடியும்?

2023 நவம்பரில் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப் பாதைகளை வகுக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒரு பாதை போதாது. வீட்டு வாசலிலிருந்தே அச்சமின்றி நடக்கத் தெருத்தோறும் வசதி வேண்டும். அதைச் செய்ய வேண்டியது சர்க்காரும் நகரசபைகளும். காலை வேலையில் கை கொடுத்து, வீட்டுப் பெண்களுக்கு அந்த அரை மணியை விட்டுத் தர வேண்டியது வீட்டிலுள்ள ஆண்கள்.

தேவைப்படுகிறவர்கள் டாக்டரின் யோசனைப்படி ஊசி போட்டுக் கொள்ளட்டும். ஆனால் இழந்த எடை திரும்பாதிருக்கவும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காதிருக்கவும் அவர்களும் நடந்தே ஆக வேண்டும்.