பழைய கூட்ஸ் வேகனை எடைக்குப் போடுவதா?

பொன்மலை கைவசம் இருக்கும்போது என்ன அவசரம்?

அரியலூர் கூட்ஸ் வண்டி பார்த்தே வளர்ந்த ஊர். சுண்ணாம்புக்கல், சிமெண்டு என்று ராத்திரி பகலாக ரெயில் ஓடும். ஆனால் மீட்டர் கேஜ் காலத்து வேகன் ஒன்றைப் பையனுக்குக் காட்ட வேண்டும் என்றால் எங்கே போவது? அகலப்பாதை வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை உடைபட்டு, இரும்பாக எடைக்குப் போய்விட்டன.

மிச்சம் கிடக்கும் ஒன்றிரண்டையாவது காப்பாற்றக்கூடாதா?

ஊட்டி மலை ரெயில் இன்றைக்கும் மீட்டர் கேஜ்தான். 1908-ல் ஊட்டியைத் தொட்ட பாதை. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே பயணிகள் பெட்டி ஓடுகிறது, சரி. ஒரு காலத்தில் சரக்கும் அதே மலையில்தான் ஏறியது. பழைய வேகன் ஒன்றைப் புதுப்பித்து அங்கே கொண்டுபோனால் ஜனங்கள் பார்க்கமாட்டார்களா?

பெயிண்ட் அடித்தால் போதுமா? போதாது! அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கும். பலகை மக்கியிருக்கும். ஆக்சில் பெட்டியில் எண்ணெய் வற்றினால் சூடேறிப் புகையும். வாக்குவம் பிரேக் பிடிக்க வேண்டும். அதைவிட, மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏற்றம் 12 அடிக்கு 1 அடி! என்ஜின் கீழேயிருந்து தள்ளுகிறது, பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் நிற்கிறார். சமவெளி வேகனை அப்படியே மலையில் ஏற்றுவது விளையாட்டு அல்ல. பிரேக் சரிவராது என்றால் கீழேயே நிறுத்திக் காட்டட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிரேக், பாலம் என்றால் அரியலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். 1956 நவம்பர் 23-ந்தேதி வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார்.

வேலை தெரிந்த ஆள் உண்டா? தாராளமாக உண்டு. திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பில் 2021-ல் ஊட்டி ரெயிலுக்கு நிலக்கரி நீராவி என்ஜினையே புதிதாகச் செய்து அனுப்பினார்கள். என்ஜின் செய்தவர்களுக்கு வேகனா பெரிசு? ஆனால் கை பழகியவர்கள் ஓய்வு பெற்றுப் போனால், அப்புறம் யாரிடம் கற்றுக்கொள்வது?

"பெரம்பலூருக்கு ரெயிலே கிடையாது. இதில் பழைய வேகனுக்குச் செலவா?" என்று ஒருவர் கேட்டால் அதுவும் நியாயம். 1995-ல் மாவட்டத் தலைநகரான ஊர்! அந்த ஊர்க்காரர் இன்னும் பஸ் பிடித்து அரியலூர் வந்து ரெயில் ஏறுகிறார். லைன் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு வேகனுக்கு ஆகும் செலவு எங்கே, ஒரு லைனுக்கு ஆகும் செலவு எங்கே? இதை நிறுத்தினால் அது வந்துவிடுமா?

ரெயில்வே முதலில் ஒரு காரியம் செய்யலாம். யார்டுகளில் கிடக்கும் மீட்டர் கேஜ் வேகன்களைக் கணக்கெடுத்து, ஏலம் போடும் முன் பொன்மலைக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். தேறுவது எது, தேறாதது எது என்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியே சொல்லிவிடுவார்கள். தேறியதை வேலை முடிந்ததும் மேட்டுப்பாளையம் அனுப்பட்டும். அனுப்பும் முன் லாரியிலேயே அரியலூர் ஸ்டேஷன் வாசலில் ரெண்டு நாள் நிறுத்தினால், பெரம்பலூர் பஸ்சில் வருகிறவர்களும் பார்ப்பார்கள்.